ரெண்டாம் பெட்டி

மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். இருபது நாளில் ஆறு தடவை போன் போட்டேன். ரெண்டு தடவை எடுத்தாய். ரெண்டு தடவையும் "பட்டறைல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடுறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. நாலாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சாதிக்கலாம். தாளில் எழுதினதைச் சாதிக்க முடியாது.

என் வீட்டில் எனக்கு மறதி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை நடந்ததை உன் மருமகன், அதுதான் என் பிள்ளை, அவன் வாயால் கேட்டிருப்பாய். என் வாயால் கேட்கவில்லை அல்லவா? கேள். காலையில் கீழ்க் கிடங்கில் மேல் குடியிருப்புக்கு ஒன்பது மாவு மூட்டையும் நாலு சிலிண்டரும் ஜீப்பில் ஏற்றினேன். நீ முதல் நாள் சாயங்காலம் கியர் பெட்டிக்குப் பின்னால் புது ரெண்டாம் பெட்டியை மாட்டிவிட்டுப் பஸ் ஏறின பிறகு வண்டி எடுத்த முதல் நடை அதுதான். ஏற்றத்தில் நன்றாகவே இழுத்தது. பழைய பெட்டியில் லோ கியர் பாதி மேட்டில் தெறித்துத் தெறித்து விழும். புதுசில் யானை மாதிரி நிதானமாக ஏறியது. "என் தம்பி கைக்குத் தங்க வளையல் போடலாம்" என்று மனசுக்குள் சொன்னேன். அதையும் எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.

தையல்கடை வளைவில் நிறுத்தினேன். அங்கே சரிவு உனக்கே தெரியும். பின் சக்கரம் சாக்கடை மூடி விளிம்பில் தட்டி நின்றது. கியரை எடுத்து நியூட்ரலில் விட்டேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கர்ர் கர்ர் என்று நாலு பல் ஏறியது. கையில் கனம் தெரிந்தது. இறங்கிப் பின்னால் போய் ரெண்டு மூட்டையை இறக்கினேன். மூன்றாவதில் கை வைக்கும்போது வண்டி ஒரு ஆட்டம் ஆடி, மூடியைத் தாண்டி, பின்பக்கமாக இறங்கிவிட்டது. நான் ஒதுங்கிவிட்டேன். தையல்காரர் ஒதுங்க முடியவில்லை. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கால் ரெண்டு இடத்தில் முறிந்தது. பெடல் மிதிக்கிற கால்.

ஆள் ஓடி வந்து பார்க்கும்போது, அடித்த அடியில் ஹேண்ட் பிரேக் லீவர் கீழே இறங்கிக் கிடந்திருக்கிறது. அவ்வளவுதான். "அக்கா பிரேக்க இழுக்க மறந்துட்டாங்க" என்று ஒருத்தன் சொன்னான். அதற்கப்புறம் ஊரே அதைத்தான் சொல்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான் உன் மருமகன். சாவியை அவன் இடுப்பில் கட்டியிருக்கிறான். மருமகள் சமையல்கட்டில் ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். பேத்தியை என்னோடு தனியாக விடுவதில்லை. "அத்தை அடுப்ப அணைக்க மறந்துட்டா என்ன பண்றது" என்று பக்கத்து வீட்டில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. காதும் போய்விட்டது என்று நினைத்தாள் போல.

இருபத்தொன்றாம் தேதி டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் குனிந்து, சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி, "பாட்டி, இன்னிக்கு என்ன கிழமை சொல்லுங்க பாப்போம்?" என்றார்.

"வெள்ளிக்கிழமை. நீங்க உங்க அப்பாவக் கூட்டிக்கிட்டு என் ஜீப்புல மேல வந்ததும் வெள்ளிக்கிழமைதான். பதினாலு வருஷமாச்சு. மூணாவது வளைவுல வாந்தி எடுத்தீங்க. ஊதாச் சட்டை."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். என் பிள்ளை தலை குனிந்துகொண்டான்.

தம்பி, எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீ வண்டி வைத்தியன். உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. அன்றைக்கு "ஒரு நட்டுகூட பாக்கி இல்லக்கா, கண்ண மூடிக்கிட்டு ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாய். பழுப்புக் கோடு போட்ட சட்டை, இடது கையில் கிரீஸ் கழுவாமல். பிரேக் இழுத்தும் வண்டி ஓட வழி இருக்கிறதா, கேபிள் கீபிள் நழுவியிருக்குமா என்று யோசித்து, உன் மருமகனுக்கு ரெண்டு வரி எழுது. என் அக்காவுக்கு மறதி இல்லை என்று எழுது. அது போதும்.

உன் சைக்கிள் விஷயத்தை நான் இன்னும் மறக்கவில்லை. என் சைக்கிளை எடுத்துப் போய் மணி இல்லாமல் திருப்பித் தந்தாயே, அது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கண்டேன். மனம் மிகவும் வேதனைப்பட்டது. இங்கு பட்டறையில் மூன்று வண்டி எஞ்சின் இறக்கிக் கிடக்கிறது, அதனால்தான் போனில் சரியாகப் பேச முடியவில்லை. தவறாக எண்ண வேண்டாம்.

பெட்டி மாட்டிய வேலையில் எந்தக் குறையும் இல்லை. கியர் பெட்டிக்கும் புதுப் பெட்டிக்கும் நடுவில் வைக்கும் இணைப்புத் தகட்டை நானே அளவெடுத்து லேத்தில் கடைந்தேன். பின் ஷாஃப்டை நாலு விரல் குறைத்து, முன் ஷாஃப்டை நீட்டி, கீழ்ச் சட்டத்தில் புதுத் துளை போட்டதை நீங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்தீர்கள். வேறு கம்பெனிப் பெட்டியை இந்தப் பழைய ஜீப்புக்கு இவ்வளவு சுத்தமாகப் பொருத்த இந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை.

ஒரு விஷயம். சொல்ல மனம் வரவில்லை, ஆனால் கேட்டதால் சொல்கிறேன். அன்று கிளம்புமுன் உங்களிடம் தெளிவாகச் சொன்னேன். புதுப் பெட்டி என்பதால் ஹேண்ட் பிரேக் செட் ஆகச் சில நாள் பிடிக்கும், அதுவரை சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டே நிறுத்துங்கள் என்று சொன்னேன். நீங்கள் சரி என்றீர்கள். அது உங்கள் நினைவில் இல்லை போலிருக்கிறது. இதில் உங்கள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை அக்கா. அறுபத்தாறு வயது. எல்லாருக்கும் வருவதுதான்.

மாமா போன பிறகு இருபத்திரண்டு வருடம் அந்தப் பாதையில் தனியாக ஓட்டிவிட்டீர்கள். போதும். பேத்தியோடு நிம்மதியாக இருங்கள்.

தங்கள் அன்புத் தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ரெண்டு நாள் ஆகிறது. நாலு தடவை படித்தேன்.

நீ சொன்னாயா?

உன்னைத் திட்ட உட்கார்ந்தவள்தான் நான். பேனாவை எடுத்ததும் கை நின்றுவிட்டது. நீ என் கூடப்பிறந்தவன். இவ்வளவு பெரிய விஷயத்தில் இல்லாததை எழுதுவாயா? எழுத மாட்டாய் என்றால், நீ சொல்லியிருக்கிறாய், எனக்கு அது இல்லாமல் போயிருக்கிறது. அப்படியானால் வேறு என்னவெல்லாம் போயிருக்கிறது? எது போனது என்று போன பிறகு எப்படித் தெரியும்?

நேற்று நானே எனக்குப் பரீட்சை வைத்துக்கொண்டேன். மேல் குடியிருப்பில் வீட்டு வரிசை, யார் வீட்டுக்கு எத்தனை மூட்டை, எந்த வருஷம் எந்தப் பாலம் உடைந்தது, உன் கல்யாணத்தில் பந்தியில் எனக்கு இடம் இல்லை என்று சொன்னவர்கள் பேர் எல்லாம் வரிசையாக வந்தது. ஆனால் நீ சொன்னது மட்டும் வரவில்லை. எவ்வளவு தோண்டினாலும் அந்த இடம் வெறும் சுவராக இருக்கிறது.

இன்றைக்குக் காலையில் தையல்காரர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, "மன்னிச்சிடுங்க. நான்தான் மறந்துட்டேன் போல இருக்கு" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன் தம்பி. முதல் தடவை. அவர் "விடுங்கக்கா, வேணும்னேவா பண்ணீங்க?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஒரு உதவி செய். நீ அதைச் சொன்னபோது நான் எங்கே நின்றேன், கையில் என்ன வைத்திருந்தேன், நீ எங்கே நின்றாய் என்று எழுது. ஒரு நுனி கிடைத்தால் மிச்சத்தை நான் இழுத்துக்கொள்வேன்.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் கண் கலங்கியது. இப்படி உங்களையே வருத்திக்கொள்ளாதீர்கள்.

கேட்டதால் எழுதுகிறேன். திங்கட்கிழமை சாயங்காலம், நாலரை மணி இருக்கும். கொட்டகை வாசலில் நீங்கள் டீ டம்ளரோடு நின்றீர்கள். நான் வண்டிப் பக்கம் நின்று கை துடைத்துக்கொண்டே, "அக்கா, கொஞ்ச நாளைக்கு வண்டிய கியர்ல போட்டே நிறுத்துங்க" என்றேன். நீங்கள் "சரிடா, அப்படியே பண்றேன்" என்று தலையாட்டினீர்கள். டம்ளரை என்னிடம் கொடுத்தீர்கள். அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு மேலும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். வண்டியை விற்றுவிடலாம் என்று மருமகன் சொல்கிறான். எனக்கும் அதுவே நல்லது என்று படுகிறது. புதுப் பெட்டியோடு விற்றால் ஆளுக்கு ஆள் போட்டி போடுவார்கள். நானே ஆள் பார்க்கிறேன். நீங்கள் கொட்டகைப் பக்கம் போய்க் கஷ்டப்பட வேண்டாம்.

அன்புத் தம்பி


மார்ச் 22

டேய்,

"கொட்டகைப் பக்கம் போக வேண்டாம்" என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். அத்தனை சோர்ந்துபோய்க் கிடந்தேன். உன் கையாலேயே என்னை அனுப்பி வைத்தாய்.

முதலில் டம்ளரை முடித்துவிடுகிறேன். அன்றைக்கு நான் டீ போடவில்லை. பால் திரிந்துபோய்விட்டது. நீ "பரவால்லக்கா, பஸ் ஸ்டாண்டுல குடிச்சுக்கிறேன்" என்றாய். என் கையில் இருந்தது உன் பை. வழியில் சாப்பிட என்று நாலு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தேன்.

அடுத்தது "சரிடா, அப்படியே பண்றேன்." எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? என் இடது கால் கட்டைவிரல் உனக்கு ஞாபகம் இல்லையா?

உனக்குப் பத்தொன்பது வயது. வண்டி வந்து இரண்டாவது வருஷம். உன் மாமா வண்டியைக் கியரில் போட்டு நிறுத்திவிட்டு உள்ளே போயிருந்தார். நான் முன்னால் நின்று விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ வெளியே நின்றபடியே கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகினாய். வண்டி ஒரு துள்ளல் துள்ளி என் கால் மேல் ஏறி நின்றது. நகம் போனது போனதுதான், முப்பத்தெட்டு வருஷமாக அந்த விரல் மொட்டை. அன்றைக்குச் சாயங்காலம் அவர் சொன்னார், "இனிமே இந்த வண்டி கியர்ல நிக்காது. ஹேண்ட் பிரேக்குதான்." அவர் இருந்தவரைக்கும் அப்படித்தான் நிறுத்தினார். அவருக்குப் பிறகு நானும் அப்படித்தான். என்னைத் தவிர இதற்குக் காரணம் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான் உயிரோடு இருக்கிறான். காரணமே அவன்தான்.

நீ மட்டும் அன்றைக்கு "கியர்ல போட்டு நிறுத்துங்க" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேனா? செருப்பைக் கழற்றிக் காலை உன் மூக்குக்கு நேராக நீட்டியிருப்பேன். நீ பஸ்ஸைத் தவறவிட்டிருப்பாய். அந்தச் சண்டை நடக்கவில்லை. அதனால் நீ அதைச் சொல்லவே இல்லை. நான் தோண்டிய இடத்தில் சுவர் இருந்ததற்குக் காரணம், அங்கே ஒன்றும் இல்லாததுதான். மறதி இல்லை.

இது தெளிந்ததும் கொட்டகைக்குப் போனேன். புதன்கிழமை, பதினோரு மணி, வீட்டில் யாரும் இல்லை. மூலையில் நீ கழற்றிப் போட்ட பழைய பெட்டி. "எண்ணெய் ஒழுகும்க்கா" என்று அவசர அவசரமாகச் சாக்கைப் போட்டு மூடினாயே, அந்தச் சாக்கை எடுத்தேன். பெட்டியின் வாலில் சட்டி மாதிரி உருண்டையாக ஹேண்ட் பிரேக் டிரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, அந்தப் பெட்டியின் வாலில்தான் என்பது எனக்குத் தெரியாதா? பெட்டியோடு அதையும் கழற்றிவிட்டாய். சரி, புதுப் பெட்டிக்கு அதன் டிரம் இருக்கும் என்று தார்ப்பாயை விலக்கி, சாக்கை விரித்து, அடியில் படுத்தேன். அறுபத்தாறு வயதில். முழங்கை சிராய்த்துக்கொண்டுதான் போனேன்.

ஒன்றும் இல்லை. புதுப் பெட்டியின் வால் மொட்டையாக இருக்கிறது, என் கட்டைவிரல் மாதிரி. கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். அதன் நுனி கீழ்ச் சட்டத்தில் ஒரு ஸ்பிரிங்கில் மாட்டியிருக்கிறது. லீவரை இழுத்தால் ஸ்பிரிங் நீளும். விட்டால் சுருங்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

கையில் கனம் தெரிந்தது என்று எழுதினேனே. அது நீ கட்டிவிட்ட கனம்.

பிரேக் மாட்ட மறந்தாய் என்றால் விட்டிருப்பேன். கேபிளை வெறுமனே தொங்கவிட்டிருந்தால்கூட முதல் இழுப்பிலேயே எனக்குத் தெரிந்திருக்கும், இறங்கியிருக்க மாட்டேன், தையல்காரர் இன்றைக்கு மெஷினில் உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரியக் கூடாது என்று ஸ்பிரிங் தேடி, அளவு பார்த்துக் கட்டியிருக்கிறாய். அதற்கப்புறம், நான் மறந்துவிட்டேன் என்று எனக்கே எழுதினாய். என் புத்தியை நானே சந்தேகப்பட்டு, செய்யாத தப்புக்கு ஒரு மனுஷன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கை கூப்பினேனே, அது உன்னால்.

உன் மருமகனுக்கு நடந்ததை எழுது. நீயே எழுது. நான் சொன்னால் கிழவி உளறுகிறாள் என்பான். ஸ்பிரிங்கை நான் கழற்றவில்லை. அது கட்டின இடத்திலேயே இருக்கட்டும்.


மார்ச் 30

அக்கா,

எட்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. நான் ஹேண்ட் பிரேக் மாட்டவில்லை. ஸ்பிரிங்கைக் கட்டினது நான்தான். கியரில் போட்டு நிறுத்தச் சொன்னேன் என்று எழுதியது பச்சைப் பொய்.

அந்தப் பெட்டிக்கு டிரம் தனியாக வர வேண்டும். பெட்டி வந்தது, டிரம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழையதைக் கழற்றிக் கீழே இறக்கின பிறகுதான் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். அதை முதலில் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. உங்களிடம் சொன்னால் "பழசையே மாட்டுடா" என்பீர்கள். ரெண்டு நாள் வேலை, என் கையால் கடைந்த தகடு, எல்லாம் வீணாகப் போகும் என்று தோன்றியது. லீவர் தொளதொளவென்று ஆடியது. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் கேட்பீர்கள். ஒரு வாரத்தில் டிரம் வந்ததும் ஓடி வந்து மாட்டிவிடலாம், அதுவரைக்கும்தானே என்று கட்டினேன். வண்டி மறுநாளே ஏற்றத்துக்குப் போகும் என்று நினைக்கவில்லை. உங்கள் கால் விரல் அன்றைக்கு என் நினைவுக்கே வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

பதினான்காம் தேதி டிரம் வந்தது. மூன்று நாள் பிந்தி.

அடுத்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மருமகனுக்கு எழுதச் சொன்னீர்கள். எழுத வேண்டியதில்லை அக்கா. அவனுக்குத் தெரியும். விபத்து நடந்த அன்றைக்கே மத்தியானம் போனில் அழுதுகொண்டே அவனிடம் சொல்லிவிட்டேன். வந்து எல்லாரிடமும் சொல்கிறேன் என்றுகூடச் சொன்னேன். அவன், "வேணாம் மாமா. சொன்னா போலீஸ், கேஸ்னு உங்க பட்டறை போயிடும். அம்மா மறந்துட்டாங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. அப்படியே இருக்கட்டும். மூணு வருஷமா வண்டிய விடும்மான்னு கெஞ்சுறேன், கேக்கல. இப்படியாவது வீட்ல உக்காரட்டும்" என்றான். அவன் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. ஒப்புக்கொண்டேன். டாக்டரிடம் கூட்டிப்போவான் என்று நினைக்கவில்லை.

இதை உங்களுக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். தையல்காரர் கையில் கிடைத்தால் நான் அழிந்தேன். டிரம்மைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து என் கையால் மாட்டித் தருகிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 15

உனக்கு,

பார்சல் வந்தது. நீ வர வேண்டாம். கீழ்ச் சாலை லாரிப் பட்டறை மேஸ்திரி வந்து மாட்டிக் கொடுத்தார். அடியில் படுத்தவர் ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்ததும், "யார் பண்ண வேலை இது?" என்றார். "சொந்தக்காரன்" என்றேன்.

உன் கடிதத்தை உன் மருமகனுக்குக் காட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முன்னால் உட்கார்ந்து, "ஸ்பிரிங்கப் பாத்தேன்" என்று மட்டும் சொன்னேன். கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"உன் நல்லதுக்குத்தாம்மா" என்றான்.

"என் நல்லதுக்கு என்னையப் பைத்தியக்காரி ஆக்குனியா?"

"நீ வண்டிய விட்டுடுவேன்னு நினைச்சேன்மா."

"வண்டிய விட்டுடுவேன்னு நினைச்ச. என்னைய விட்டுட்ட."

எழுந்து கையைக் கழுவி, இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேஜை மேல் வைத்தான். என் கையில் கொடுக்கத் தைரியம் இல்லை. மருமகளுக்கு ஒன்றும் தெரியாதாம். நம்புகிறேன். அழுதுகொண்டே டப்பாக்களில் ஒட்டின சீட்டை ஒவ்வொன்றாகக் கிழித்தாள். உப்பு டப்பாவில் சர்க்கரை என்று ஒட்டியிருந்தாள். ஒரு மாதமாக நான் அதைச் சொல்லவே இல்லை. மறுநாள் அவளே பேத்தியைக் கொண்டுவந்து என் மடியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள்.

பெற்ற பிள்ளையும் கூடப்பிறந்தவனும் போனில் ரெண்டு நிமிஷம் பேசி என் புத்தியை எடுத்துவிட்டீர்கள். எங்கேயோ இருக்கிற ஆள் செய்திருந்தால் இன்றைக்குத் திட்டி நாளைக்கு ஆறியிருப்பேன். அவனோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், அவன் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கிறேன், "வந்துட்டியா" என்று கேட்கிறேன். மற்றபடி பேச்சு இல்லை. உன்னோடு அதுவும் இல்லை.

கிழித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். கிழிக்கவில்லை. தையல்காரரிடம் கொண்டுபோனேன். கால் அவருடையது, அதனால் கடிதமும் அவருக்குத்தான் சேர வேண்டும். கட்டை அவிழ்த்துவிட்டார்கள், தடி வைத்து நடக்கிறார், பெடல் மிதிக்க இன்னும் ஆறு மாதமாவது ஆகுமாம். கண்ணாடி போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்தார். "நீங்க மறந்துட்டீங்கன்னு சொன்னப்பகூட எனக்குக் கோவம் வரலக்கா. மறதி யாருக்கும் வரும். இது மறதி இல்லையே" என்றார். அப்புறம், "இது என்கிட்டயே இருக்கட்டுமா?" என்று கேட்டார். "உங்களுதுதான்" என்றேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை அவர் என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. நீயும் என்னைக் கேட்காதே.

தாள் அவரிடம் போனால் என்ன? "எட்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்" என்று ஆரம்பித்தாய். "அந்தப் பெட்டிக்கு டிரம் தனியாக வர வேண்டும். பெட்டி வந்தது, டிரம் வரவில்லை." "அவன் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது." கடைசியில் அன்பு என்கிற வார்த்தை இல்லாமல் தம்பி என்று மட்டும் போட்டிருந்தாய். வேண்டுமானால் நடுவில் உள்ளதையும் எழுதுகிறேன். ஒரு எழுத்து விடாமல் மனசில் இருக்கிறது.

நேற்று முதல் நடை போனேன். தையல்கடை வளைவில், அதே சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கியரை எடுத்துவிட்டு, பிரேக்கை இழுத்து, மிதியிலிருந்து காலை எடுத்து, நூறு எண்ணுகிற வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு அங்குலம்கூட நகரவில்லை. நீ அனுப்பின சாமான் நல்ல சாமான்தான்.

அப்புறம் இறங்கினேன். முன் சீட்டுக்கு அடியில் இப்போது ரெண்டு கல் வைத்திருக்கிறேன், ஆற்றிலிருந்து எடுத்த கனமான கல். ஒன்றை வலது பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன், ஒன்றை இடது பின் சக்கரத்துக்கு. முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த வண்டிக்கு நான் கல் வைத்ததில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள், "அதான் பிரேக் சரி பண்ணியாச்சேக்கா, கல்லு எதுக்கு?" என்று கேட்டார்கள்.

பிரேக் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கல்லைக் காலால் தள்ளி இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.